தலைவர் நாற்காலி

அண்ணாச்சிக்கு வணக்கம்,

இங்கிலாந்தின் டெர்பி கவுண்டி கால்பந்து கிளப்பைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். மேனேஜர் பிரையன் கிளஃபைக் கொண்டாடிவிட்டு, தலைவர் சாம் லாங்சனை வில்லனாக்கிவிட்டீர்கள். எங்கள் ஊர் டீமுக்கு அப்பாதான் இருபது வருடம் தலைவர். பந்து, ஜெர்சி, வெளியூர் மேட்சுக்கு வேன் எல்லாம் அவர் பொறுப்பு. ஜெயித்தால் மாலை கோச்சுக்கு, தோற்றால் ஏச்சு அப்பாவுக்கு. உங்களுக்குப் பிடித்த தலைவர் என்று ஒருவர்கூட இல்லையா?

வாசகர், பாளையங்கோட்டை

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் சொல்வது சரி. லாங்சன் பக்கத்து நியாயத்தை நான் எழுதவே இல்லை.

லாரித் தொழிலில் முன்னுக்கு வந்தவர் அவர். 1967-இல் டெர்பி இரண்டாம் டிவிஷனில் கிடந்தபோது, ஹார்ட்டில்பூல்ஸ் என்ற சின்ன கிளப்பிலிருந்து 32 வயதுக் கிளஃபை நம்பிக் கூட்டி வந்தார். 1972-இல் டெர்பி இங்கிலாந்தின் லீக் சாம்பியன். அப்புறம் கிளஃப் டிவியிலும் பத்திரிகையிலும் மனதில் பட்டதையெல்லாம் பேச, தலைவர் அடக்கப் பார்க்க, 1973 அக்டோபரில் கிளஃபும் கூட்டாளி பீட்டர் டெய்லரும் ராஜினாமா கொடுத்தார்கள். நிர்வாகம் வாங்கிக்கொண்டது. அந்தக் கடிதத்தை லாங்சன் கிழித்துப் போட்டிருக்க வேண்டும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். 1975-இல் டேவ் மெக்கே டெர்பிக்கு இன்னொரு லீக் பட்டம் வாங்கித் தந்தார், உண்மை. ஆனால் 1979, 1980 இரண்டு வருடமும் ஐரோப்பியக் கோப்பையைக் கிளஃப் தூக்கியது பக்கத்து ஊர் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்காக. அதே 1980-இல் டெர்பி இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது.

எனக்குப் பிடித்த தலைவர் இப்ஸ்விச் டவுனின் ஜான் காபோல்டு. நம் திருநெல்வேலியைவிடச் சின்ன ஊர் அது. 1969-இல் பாபி ராப்சன் மேனேஜராக வந்தார். அடுத்த சீசனில் அணி 18-ஆம் இடம், அதற்கும் அடுத்த சீசனில் 19-ஆம் இடம். 1971-இல் சொந்த மைதானத்திலேயே ராப்சனை வெளியே போகச் சொல்லிக் கூட்டம் கத்தியது. மறுநாள் நிர்வாகக் கூட்டம். வேலை போய்விடும் என்று ராப்சன் பயந்திருக்க, ரசிகர்கள் நடந்துகொண்டதற்குக் காபோல்டு அவரிடம் மன்னிப்புக் கேட்டார். 1978-இல் இங்கிலாந்து கிளப்புகளின் எஃப்.ஏ. கோப்பை வந்தது, 1981-இல் ஐரோப்பிய கிளப்புகளின் யூஃபா கோப்பை. 1982-இல் இங்கிலாந்து அணிக்குப் போகிறவரை ராப்சன் அங்கேயே இருந்தார். அந்த 13 வருடமும், தலைவர் பொறுத்துக்கொண்ட அந்த ஒரு நாளில் பிறந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது.

கல்லூரி நாட்களில் கோட்டுக்கு வெளியே நின்று நானும் ஒரு டீம் தலைவரை ஏசியிருக்கிறேன். அவர் காதில் விழுந்திருக்கும். ஒன்றும் பேசாமல், ஹாஃப் டைமில் பையன்களுக்கு எலுமிச்சம்பழம் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவரிடம் போய்ப் பேச எனக்கு அன்று தோன்றவில்லை.

அப்பா இப்போதும் சாயங்காலம் மைதானத்துக்கு வருகிறாரா? நான் வருகிறேன். தோற்ற மேட்ச் முடிந்து வேனில் திரும்பும்போது கோச்சிடம் என்ன பேசுவார் என்று அவரிடம் கேட்க வேண்டும்.