மூளையில் எத்தனை வகை நரம்புச் செல்? கேள்வி பதில்

மார்த்தாண்டம் வாசகர்: சார், நரம்புச் செல்லில் மொத்தம் எத்தனை வகை?

எதை வைத்துப் பிரிக்கிறோம் என்பதுதான் விஷயம். 1873இல் இத்தாலிய மருத்துவர் கோல்ஜி வெள்ளி நைட்ரேட் முறையால் செல்லைக் கறுப்பாக்கிக் காட்டினார். நூற்றில் ஏதோ ஒன்றிரண்டுதான் கறுக்கும். நல்லதாகப் போயிற்று, எல்லாமே கறுத்திருந்தால் ஒரு செல்லையும் கிளை நுனிவரை பார்த்திருக்க முடியாது. அவர் வைத்த பிரிவு இரண்டே இரண்டு: நீண்ட ஆக்சான், குட்டை ஆக்சான். ஆக்சான் என்பது செல் செய்தி அனுப்பும் இழை. இப்போது எந்தெந்த மரபணு வேலை செய்கிறது என்று காட்டும் ஆர்.என்.ஏ.வைச் செல் செல்லாக எண்ணுகிறார்கள். 2023இல் வந்த சுண்டெலி மூளை வரைபடத்தில் சுமார் 5,300 கொத்துகள். கொத்து என்பது கணக்கில் விழுந்த குழு. ஒவ்வொன்றும் தனி வகை என்று அடித்துச் சொல்ல முடியாது.

அப்புறம், படத்தில் பார்க்கும் நிறம் செல்லின் நிறம் இல்லை, சாயம்.

பாறசாலை மாணவி: நீண்ட ஆக்சான் என்றால் அடுத்த செல்லைத் தூண்டும் செல், குட்டை என்றால் அடக்கும் செல், சரியா சார்?

பெருமூளைப் புறணியில், அதாவது மேலடுக்கில், பெரும்பாலும் சரி. சிறுமூளைக்குப் போனால் உதைக்கும். அங்கே உள்ள பர்க்கின்ஜி என்ற செல்லின் ஆக்சான் சிறுமூளைப் புறணியைத் தாண்டிப் போகிறது. ஆனால் காபா என்ற ரசாயனத்தை விட்டு அடக்குகிற செல் அது.

களியக்காவிளை வாசகர்: சரவிளக்குச் செல், ஆக்ஸோ-ஆக்ஸானிக் செல், இரண்டும் வேறா?

ஒன்றுதான். நம்மூர் ஏத்தன் வாழை பாலக்காட்டில் நேந்திரன் ஆகிற மாதிரி.

வாழைக்காய் வியாபாரி ஒருவர்: சார், தப்பு. நேந்திரனிலேயே திருச்சூர்ப் பக்கத்து செங்ஙாலிக்கோடன் தனி. தோலைப் பார்த்தாலே தெரியும். எல்லாத்தையும் ஒரே தாரில் கட்டாதீர்கள்.

அண்ணாச்சி, எங்கள் சண்டையே இதுதான்! ஒருவர் சேர்த்துக் கட்டுவார், ஒருவர் சீப்பு சீப்பாகப் பிரிப்பார். தோல், ருசி, தார் மூன்றும் ஒரே பக்கம் கைகாட்டினால் தனி வகை என்று நம்பலாம். சரவிளக்குச் செல்லில் அப்படித்தான்: பிரமிட் செல் என்ற தூண்டும் செல்லின் ஆக்சான் புறப்படும் இடத்தை மட்டும் பிடிக்கும், நுனிகள் மெழுகுவத்தி வரிசை போலத் தொங்கும், மரபணுவும் ஒத்துப்போகும். மற்ற பல செல்களில் ஒரு வகை இன்னொன்றில் மெல்லக் கரைகிறது. எங்கே வெட்டுவது?

வியாபாரி: கரைந்தாலும் விலை வேறே சார்.

குலசேகரம் வாசகர்: மொத்தம் எத்தனை வகை?

முதல் பதில்.

இன்னொருவர்: பச்சை நிறச் செல் எந்த வகை சார்?

சாயம், தம்பி. சாயம்.