பழைய பனிச்சறுக்குப் பலகையை நம்பி வாங்கலாமா?

கேள்வி: என் மகன் உத்தராகண்டின் அவுலியில் பனிச்சறுக்குப் பயிற்சியைத் தொடர விரும்புகிறான். இருபது ஆண்டுப் பழைய பலகைகளை ஒருவர் குறைந்த விலைக்குத் தருகிறார். அந்தக் காலத்து அடிப்பரப்பே உறுதியானது என்கிறார். வாங்கலாமா?
வாசகி ஒருவர், மயூர் விஹார், தில்லி

பதில்: அவர் சொல்வதை ஏற்பதற்கில்லை. பைன் மரத் தாரைத் திரும்பத் திரும்பப் பூசிக் காப்பாற்ற வேண்டியிருந்த மரப் பலகைகளின் அடியில் 1950களில் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக் தகடு வந்ததுதான் பெரிய மாற்றம். அதன்பின் இரு வகைகள் நிலைத்தன. பிளாஸ்டிக்கை உருக்கித் தகடாகப் பிதுக்குவது ஒன்று. நுண்தூளை வெப்பத்திலும் அழுத்தத்திலும் இறுக்கிக் கட்டியாக்கி, அதிலிருந்து தகடு சீவுவது மற்றொன்று. முன்னது மலிவு, ஒட்டுப்போடவும் எளிது. பின்னது கல்லில் உரசினாலும் எளிதில் தேயாது, பனியில் வழுக்கப் பூசும் மெழுகையும் நன்றாக உறிஞ்சும். ஆனால் மெழுகிடாமல் விட்டால் உலர்ந்து வெளுத்துவிடும். இரண்டும் இருபது ஆண்டுகளுக்கு முன்பும் இருந்தன, இன்றும் இருக்கின்றன. ஆகவே, பலகையின் வயதை வைத்து உறுதியை முடிவு செய்ய முடியாது; எந்த வகை, இன்னும் எவ்வளவு மிச்சம் என்றுதான் பார்க்க வேண்டும்.

இந்த மிச்சத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். புதிதாக வரும்போதே அடிப்பரப்பின் தடிமன் ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். இயந்திரத்தில் சாணை பிடிக்கும் ஒவ்வொரு முறையும் அதில் கொஞ்சம் போய்விடும். பளபளப்பாக இருக்கும் பழைய பலகை, பலமுறை சாணை கண்டதாகவும் இருக்கலாம். எஃகு விளிம்பும் கூடவே தேய்வதால், அதன் பக்கவாட்டு உயரத்தைப் புதிய பலகையின் விளிம்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு ஓர் இரும்பு அளவுகோலை அடிப்பரப்பின் குறுக்கே நிறுத்தி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், நடுவில் குழிந்திருப்பது இடைவெளியாகத் தெரியும். மேலோட்டமான கீறல்களைப் பி-டெக்ஸ் என்ற பாலிஎத்திலீன் குச்சியை உருக்கி நிரப்பிவிடலாம். உள்அடுக்கு தெரியுமளவு கல் கிழித்திருந்தாலோ, விளிம்பை ஒட்டித் துருவோ பிரிவோ இருந்தாலோ, தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கக்கூடும். அதை வாங்க வேண்டாம்.

அடிப்பரப்பு நன்றாகவே இருந்தாலும், காலணியைப் பூட்டும் பிணைப்பைப் பாராமல் பணம் கொடுக்காதீர்கள். விழும்போது காலை விடுவிக்க வேண்டியது அதுதான். தயாரிப்பாளர்கள் பழைய மாடல்களுக்கான பொறுப்பை ஒரு கட்டத்தில் கைவிடுவதால், அவற்றைச் சரிசெய்துதரக் கடைகள் மறுப்பதுண்டு. வளரும் பிள்ளையாக இருந்தால், அளவு நிலைக்கும் வரை அவுலியிலேயே வாடகைக்கு எடுப்பது நல்லது.