மகளைப் பாட்டுப் போட்டிக்கு அனுப்பலாமா என்று கேட்ட அம்மாவுக்கு

அம்மா, உங்கள் கடிதத்தை நிதானமாகப் படித்தேன். மகள் எட்டாவது படிக்கிறாள், டிவி பாட்டுப் போட்டியில் ஆடிஷன் தாண்டிவிட்டாள், ஷூட்டிங் சென்னையில், அதனால் ஒரு வருஷம் பள்ளியை நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறுத்த வேண்டாம். போட்டிக்குப் போகலாம், ஆனால் சில விஷயங்களை வீட்டில் பேசி முடிவு செய்துவிட்டுப் போக வேண்டும்.

என்னை உறுத்தியது உங்கள் கேள்வி இல்லை, போகிற போக்கில் நீங்கள் எழுதியிருந்த ஒரு வரி. அப்பா ஆட்டோ ஓட்டுவது, வளையலை அடகு வைத்துப் பாட்டு வகுப்புக்குப் பணம் கட்டியது, இதையெல்லாம் விவரமாக எழுதச் சொல்லி ஒரு ஃபாரம் கொடுத்தார்கள் என்கிறீர்கள். பாட்டுக்கும் அடகுக் கடைக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களுக்கே தோன்றியிருக்கும், ஆனால் கேட்கத் தயக்கம். அந்த ஃபாரத்தில் இருந்துதான் அவளுடைய ஏவி தயாராகும், அதாவது அவள் மேடை ஏறும் முன்னால் ஓடுகிற இரண்டு மூன்று நிமிட அறிமுக வீடியோ. வீட்டு வாசலில் ஆட்டோ நிற்கும், நீங்கள் சமையலறையில் கண்ணைத் துடைப்பீர்கள், பின்னணியில் வயலின் வரும். அதில் ஒன்றும் பொய் இருக்காது, உங்கள் வீட்டில் நடந்ததுதான். ஆனால் அவள் தினமும் விடியற்காலை சாதகம் செய்ததும், ஒரு சங்கதி, அதாவது பாட்டு வரியில் வரும் ஒரு நுணுக்கமான வளைவு, சரியாக விழ மாதக்கணக்கில் மல்லுக்கட்டியதும் அதில் இருக்காது. இருந்தாலும் ஓரிரு நொடிதான். பார்க்கிறவர்களுக்கு அவள் முதலில் ஆட்டோக்காரர் மகள், அப்புறம்தான் பாடகி.

இது என் கற்பனை இல்லை. 2005-இல் இந்தி டிவி பாட்டுப் போட்டியான இந்தியன் ஐடலின் முதல் பட்டத்தை வாங்கிய அபிஜித் சாவந்தே 2021-இல் இதை வெளிப்படையாகச் சொன்னார், இந்தி ரியாலிட்டி ஷோக்களில் இப்போது திறமையைவிட வறுமைக் கதைக்குத்தான் மதிப்பு என்று. அதே ஆண்டு, மறைந்த பாடகர் கிஷோர் குமாருக்காக இந்தியன் ஐடலில் நடந்த சிறப்பு நிகழ்ச்சிக்கு விருந்தினராகப் போய்வந்த கிஷோரின் மகன் அமித் குமார், எல்லாரையும் பாராட்டச் சொன்னார்கள், பாராட்டினேன் என்று பேட்டியில் சொல்லிவிட்டார். நாளைக்கு ஒரு பெரிய பாடகர் உங்கள் மகளைக் கட்டிப்பிடித்துக் கொண்டாடினால் சந்தோஷப்படுங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதை வைத்து அவள் படிப்பையும் எதிர்காலத்தையும் முடிவு செய்யாதீர்கள். திட்டு வாங்கினாலும் அதே கதைதான்.

வெளிநாட்டிலும் இப்படித்தான். 2009-இல் சூசன் பாயில் என்ற ஸ்காட்லாந்துப் பெண்மணி பிரிட்டனில் ஒரு போட்டி மேடையில் பாடி உலகத்தையே அசத்தினார், அந்த வீடியோவை நீங்களும் போனில் பார்த்திருப்பீர்கள். யாரும் எதிர்பார்க்காமல் வந்து நின்றவர் மாதிரி தெரிந்தது. ஆனால் அந்த நிகழ்ச்சியில் யாராக இருந்தாலும் முதலில் தயாரிப்புக் குழுவின் முன்னால் பாடித் தேறிய பிறகுதான் நடுவர்கள் முன்னால் வர முடியும். அவர் எப்படிப் பாடுவார் என்று குழுவுக்குத் தெரியும், கேமரா எந்த முகத்தைப் பிடிக்க வேண்டும் என்றும் தெரியும். இறுதிச் சுற்று முடிந்ததும் அவர் மன அழுத்தமும் களைப்பும் தாங்காமல் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அப்போது அவருக்கு 48 வயது. உங்கள் மகளுக்கு 13.

எனக்குக் கவலை தருவது இந்த இடம்தான். 13 வயசில் நான் யார் என்ற கேள்விக்குப் பிள்ளைகள் பதில் தேடிக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் ஒரு பெரிய மேடை, வெளிச்சம் எல்லாம் போட்டு, ஆயத்தமான ஒரு பதிலைக் கையில் கொடுக்கிறது. குட்டிக் குயில், சிரிப்பழகி, கண்ணீர்ச் செல்வி, ஏதோ ஒன்று. ஆங்கர் அந்தப் பெயரையே ஒவ்வொரு வாரமும் சொல்வார், அக்கம்பக்கத்தில் அப்படியே கூப்பிடுவார்கள், இவளும் அதற்கேற்ற மாதிரி சிரிக்கவும் அழவும் பழகிக்கொள்வாள். என்னிடம் வந்த ஒரு பையன், போட்டி முடிந்து வெகுநாள் ஆகியும், எந்தப் பாட்டைப் பாடினாலும் முடிவில் நிமிர்ந்து நம் முகத்தைத்தான் பார்ப்பான், மார்க் எவ்வளவு என்று கேட்கிற மாதிரி. நன்றாகப் பாடுகிற பிள்ளை. தனக்காகப் பாடுவது எப்படி என்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது.

வெளியேறிவிட்டால் என்ன ஆகும் என்று பயப்படுகிறீர்கள். பிரபல இந்திப் பாடகர் அர்ஜித் சிங் 2005-இல் ஃபேம் குருகுல் என்ற டிவி பாட்டுப் போட்டியில் பாதியில் வெளியேற்றப்பட்டவர்தான். அதன்பிறகு ஸ்டுடியோக்களில் இசையமைப்பாளர்களுக்கு உதவியாக மியூசிக் ப்ரோகிராமிங், அதாவது கம்ப்யூட்டரில் இசையைக் கோக்கும் வேலை, செய்து தொழிலைக் கற்றுக்கொண்டார், பெரிய பெயர் வந்தது 2013-இல். நான் உங்களிடம் அழுத்திச் சொல்ல நினைப்பது நடுவில் இருக்கிற அந்த வருஷங்களைப் பற்றித்தான், அதை எந்த சேனலும் காட்டாது, ஆனால் பாட்டைத் தொழிலாக வைத்திருக்கிற எல்லாருக்கும் அப்படி ஒரு காலம் உண்டு. ஜெயிப்பதும் குரலை மட்டும் பொறுத்தது இல்லை. ஓட்டு இருக்கிற போட்டியில் ஊரும் உறவும் சேர்ந்துதான் ஜெயிக்க வைக்கும். 2007-இல் இந்தியன் ஐடலில் ஜெயித்த பிரசாந்த் தமாங்குக்காக அவருடைய டார்ஜிலிங் மலைப்பகுதி மக்கள் பணம் வசூலித்து எஸ்எம்எஸ் ஓட்டு அனுப்பினார்கள்.

சரி, செய்ய வேண்டியது என்ன? சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை நிகழ்ச்சியில் பயன்படுத்த மாவட்ட ஆட்சியரின் அனுமதி வாங்க வேண்டியது தயாரிப்பாளர் பொறுப்பு. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2017 விதிகளின்படி ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, இடைவேளை இல்லாமல் 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது, வருமானத்தில் 20 சதவீதமாவது பிள்ளை பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும், படிப்பு நிற்கக் கூடாது. அனுமதிக் கடிதத்தின் நகலைக் கேளுங்கள். கேட்டால் வாய்ப்புப் போய்விடுமோ என்று தயங்காதீர்கள். இதைக் கேட்டதற்காகக் கோபிக்கிற குழுவை நம்பி 13 வயசுப் பெண்ணை அனுப்பவே கூடாது.

அந்த ஃபாரத்தை இன்னும் கொடுக்கவில்லை என்றால் மூன்று பேரும் உட்கார்ந்து பேசுங்கள். எதைச் சொல்லலாம், எது வீட்டோடு இருக்க வேண்டும் என்று முதலில் மகள் சொல்லட்டும். அடகு விஷயம் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அப்பாவின் தொழிலைச் சொல்வதில் அவளுக்குப் பெருமை என்றால் தாராளமாகச் சொல்லட்டும், ஆனால் எப்படிச் சொல்வது என்பதை அவளே முடிவு செய்யட்டும். கேமரா முன்னால் அழச் சொன்னால், எனக்கு அழுகை வரவில்லை என்று சொல்லலாம் என்பதையும் அவளுக்குச் சொல்லிக்கொடுங்கள். பிள்ளைகளுக்கு அது தெரியாது, பெரியவர்கள் கேட்டால் செய்துவிடுவார்கள்.

பள்ளியில் தலைமையாசிரியரை இப்போதே போய்ப் பாருங்கள். பரீட்சை வாரங்களில் ஷூட்டிங் கிடையாது என்று எழுதி வாங்க முயற்சி செய்யுங்கள். பாட்டு வாத்தியார் வகுப்பும் நிற்கக் கூடாது, சேனலில் க்ரூமிங் என்று பயிற்சி இருக்கிறது என்பதற்காக அதை விட்டுவிடாதீர்கள், அங்கே சொல்லித் தருவது அந்த வாரத்துப் பாட்டை மட்டும்தான். ப்ளஸ் டூ முடித்ததும் இசையைப் படிக்கவே ஆசை இருந்தால் சென்னை, மதுரை, கோவை, திருவையாறு அரசு இசைக் கல்லூரிகள் இருக்கின்றன. ஒலிப்பதிவில் ஆர்வம் வந்தால் தரமணி திரைப்படக் கல்லூரி இருக்கிறது. இந்தப் போட்டியில் என்ன நடந்தாலும் அந்த வழிகள் எதுவும் அடைபடாது, எட்டாவதை நிறுத்தினால்தான் சிக்கல்.

ஒப்பந்தம் கைக்கு வந்ததும் எத்தனை வருஷத்துக்கு வேறு இடத்தில் பாடக் கூடாது என்று போட்டிருக்கிறார்கள், அவள் வீடியோவும் குரலும் யாருக்குச் சொந்தம் என்கிற இரண்டு பகுதிகளைத் தேடிப் படியுங்கள். புரியாவிட்டால் கையெழுத்துப் போடும் முன்னால் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள், சேர்ந்தே பார்ப்போம்.