காற்றுக்குள் ஒரு ஸ்கேன்

அன்புள்ள ஐயா,

நான் மஸ்கெலியாவில் உயர்தரம் படிக்கிறேன். என் அப்பாயி முப்பது வருடம் கொழுந்து எடுத்தவர். போன மாதம் எடுத்த சி.டி. ஸ்கேனில் வலது நுரையீரலின் ஓரத்தில் ஒரு கட்டி மாதிரி தெரிகிறதாம். குழாய் விட்டு, உள்ளேயே அல்ட்ராசவுண்ட் பார்த்து, சதை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்கிறார்கள். காற்றில் அல்ட்ராசவுண்ட் போகாது என்று எங்கள் பௌதிகவியல் சேர் சொன்னார். நுரையீரல் முழுக்கக் காற்றுதானே? அந்தக் கருவியை உறைக்குள் வைத்து அனுப்புவார்கள் என்றும் நர்ஸ் சொன்னார். உறை போட்டால் இன்னும் மங்கலாகத்தானே தெரியும்? அப்பாயி பயப்படுகிறார். எனக்கும் விளங்கவில்லை.

ஒரு வாசகி, மஸ்கெலியா

*

அன்புள்ள மகளுக்கு,

உங்கள் சேர் சொன்னது சரி. வயிற்றை ஸ்கேன் செய்யும்போது ஜெல் பூசுவதே தோலுக்கும் கருவிக்கும் நடுவில் காற்று நிற்கக்கூடாது என்பதற்காகத்தான். சதைக்குள் போகிற ஒலி காற்றைத் தொட்டதும் ஏறக்குறைய முழுவதும் திரும்பிவிடும். பனிமூட்டத்தில் நுவரெலியா பஸ்ஸின் முன் சீட்டில் இருந்திருக்கிறீர்களா? டிரைவர் லைட்டைக் கூட்டினால் பாதை தெரியாது, வெள்ளைதான் தெரியும். நல்ல நுரையீரலுக்குள் புரோப்பை, அதாவது ஒலி அனுப்பிப் பார்க்கும் அந்த மெல்லிய கருவியை, வைத்தாலும் திரையில் அப்படித்தான், வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். ஆனால் கட்டிக்குள் காற்று இல்லை. புரோப் அதற்குள் நுழைந்ததும் படம் சாம்பல் நிறத்துக்கு மாறி, சுற்றிலும் பளீரென்று ஒரு கோடு விழும். காற்று தொடங்கும் இடம் அது. பார்க்க விடாத காற்றே கட்டியின் எல்லையையும் காட்டிக்கொடுக்கிறது.

உறை விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பல வருடம் இந்த மாதிரி உபகரணங்களைப் பழுதுபார்த்தவன் நான். உறை ஒன்றல்ல, இரண்டு.

முதலாவது புரோப்போடு சேர்ந்தது. நுனியில் அரிசிமணியைவிடச் சின்னதாக ஒரு பளிங்கு இருக்கும். மின்சாரம் பட்டால் அதிர்ந்து ஒலி எழுப்பும், திரும்பி வரும் ஒலியை மறுபடி மின்சாரமாக்கும். நீளமான மெல்லிய சுருள்கம்பி ஒன்று அதைச் சுழற்றிக்கொண்டே இருப்பதால்தான் படம் வட்டமாக வருகிறது. சுழல்கிற கம்பி மூச்சுக்குழாயின் ஈரமான சுவரில் நேராக உரசலாமா? அதனால் நுனி மூடிய பிளாஸ்டிக் குழலுக்குள் அதை வைத்து, இடைவெளியைத் திரவத்தால் நிரப்புகிறார்கள். எல்லாம் சேர்ந்து 1.4 மில்லிமீட்டர் தடிப்புதான்.

மங்காதா என்று கேட்டீர்கள். தப்பான பிளாஸ்டிக்கை எடுத்தால் நிச்சயம் மங்கும். ஒவ்வொரு பொருளும் ஒலிக்கு ஒரு தடை கொடுக்கிறது. அடுத்தடுத்த இரண்டு பொருள்களின் தடை எவ்வளவு நெருங்கி இருக்கிறதோ, அவ்வளவு ஒலி திரும்பாமல் கடந்து போகும். பொலித்தீன் போன்ற சில பிளாஸ்டிக்குகள் இந்த விஷயத்தில் தண்ணீருக்கும் சதைக்கும் பக்கத்தில் நிற்பவை. குழலின் சுவரையும் கவனிக்க வேண்டும். இந்தப் புரோப் வேலை செய்யும் 20 மெகாஹேர்ட்ஸில் ஒலியின் அலைநீளம் 0.08 மில்லிமீட்டர்கூட இல்லை, ஏறக்குறைய ஒரு தலைமயிரின் தடிப்பு. சுவர் தடித்துப்போனால் ஒலி அதற்குள்ளேயே முட்டி மோதித் திரையில் வளையம் வளையமாக விழும். மெலிந்துபோனால் மூச்சுக்குழாய் திரும்பும் இடத்தில் குழல் மடிந்துவிடும். வடிவமைப்பவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நாள்கணக்கில் மல்லுக்கட்டுகிறார்கள்.

அப்புறம் காற்றுக்குமிழி. பீலியிலிருந்து வரும் ஹோஸில் காற்று அடைத்துக்கொண்டால் லயத்துக்குத் தண்ணீர் வராது, தட்டித் தட்டி எடுப்பார்கள் இல்லையா? உறைக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு குமிழி பளிங்கின் முன்னால் வந்து நின்றாலும் அதே கதை. வட்டப் படத்தில் அந்தப் பக்கம் இருண்டுவிடும். நானே நுனியைக் கீழே பிடித்து மெல்லத் தட்டிக் குமிழியை மேலே ஏற்றியிருக்கிறேன். இருட்டு விலகிப் படம் முழுதாகும்போது மனதுக்கு அவ்வளவு நிம்மதி.

இரண்டாவது உறை வெளிக்குழல், சுமார் 2 மில்லிமீட்டர். புரோப் இதன் வழியாகப் போய் நுனியை மட்டும் கொஞ்சம் வெளியே நீட்டிப் பார்க்கும். கட்டி தெரிந்ததும் வைத்தியர் புரோப்பை உருவிவிடுவார், குழல் அங்கேயே நிற்கும். அதே வழியில் சின்ன இடுக்கி போய்ச் சதையைக் கிள்ளி வரும். இந்த முறையை ஜப்பானில் குரிமோட்டோவும் சக வைத்தியர்களும் 150 கட்டிகளில் செய்து 2004இல் எழுதினார்கள். 77 சதவீதத்தில் நோய் இன்னதென்று தெரிந்தது. புரோப் கட்டிக்குள்ளேயே நுழைந்திருந்தால் 87 சதவீதம், பக்கத்தில் மட்டும் ஒட்டியிருந்தால் 42. அதனால்தான் புரோப்பை உருவாமலே, திரையில் பார்த்தபடியே ஊசி வெளிவரும் உறையைச் செய்ய வேண்டும் என்று பொறியியலாளர்கள் முயல்கிறார்கள். நெஞ்சின் நடுவில் இருக்கும் நிணநீர்க் கட்டிகளுக்கு அப்படிப்பட்ட கருவி ஏற்கெனவே இருக்கிறது. ஓரத்துக் கிளைகளோ மிகவும் ஒடுங்கியவை, 2 மில்லிமீட்டருக்குள் புரோப்பும் ஊசியும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்க வேண்டும். ஊசி புரோப்பைக் கீறிவிடக்கூடாது.

ஊசி கீறினால் என்ன ஆகும் என்பதை நேரில் பார்த்திருக்கிறேன். ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து புரொன்கோஸ்கோப் ஒன்று, அதாவது மூச்சுக்குழாய்க்குள் விட்டுப் பார்க்கும் குழாய், பழுதென்று வந்தது. வெளியே ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே காற்றழுத்தம் கொடுத்துத் தண்ணீர் பேசினில் அமிழ்த்தினேன், சைக்கிள் டியூபில் ஓட்டை தேடுவது போல. வளைகிற இடத்திலிருந்து குமிழி ஒன்று வந்தது, கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. ஊசியைத் தன் உறைக்குள் முழுதாக இழுக்காமல் யாரோ தள்ளியிருக்கிறார்கள். அந்த ஓட்டையில் ஒருவரின் சளி போய்த் தங்கினால் அடுத்தவருக்கு ஆபத்து. இந்தக் கருவிகளின் பசையும் பிளாஸ்டிக்கும் ஓட்டோகிளேவ் என்கிற நீராவிப் பெட்டியின் சூட்டைத் தாங்காது, பெரும்பாலும் மருந்தில் ஊறவைத்துத்தான் கிருமி நீக்குகிறார்கள். ஓட்டைக்குள் மருந்து ஒழுங்காகப் போய்ச் சேராது. வெளிக்குழலை ஒருவருக்குப் பாவித்ததும் வீசிவிடுவது செலவுதான், ஆனாலும் அந்தச் செலவில் மிச்சம் பிடிக்கவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

அப்பாயிக்கு இதையெல்லாம் சொல்ல வேண்டாம். தொண்டையை மரக்க வைப்பார்கள், மயக்கமாக இருக்க மருந்தும் கொடுப்பார்கள், இருமல் வரும், பிறகு சளியில் கொஞ்சம் இரத்தம் தெரியலாம் என்று மட்டும் சொல்லுங்கள். இரத்தம் நிறைய வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கட்டி என்று தெரிவதெல்லாம் புற்றுநோய் இல்லை, காசநோயும் அப்படித் தெரியும். அதைப் பிரித்துப் பார்க்கத்தான் சதை எடுக்கிறார்கள். முதல் தடவை எடுத்ததில் விடை கிடைக்காமலும் போகலாம். இரண்டாம் தடவை கூப்பிட்டால் மனம் உடைந்துவிட வேண்டாம், மேலே சொன்ன எண்களைப் பார்த்தாலே ஏன் என்று விளங்கும்.

இரத்தம் உறையாமல் இருக்க அவர் ஏதாவது குளிசை எடுக்கிறார் என்றால் அதை முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்லுங்கள். வெறும் வயிற்றோடு வரச் சொல்வார்கள். காலைப் பனியில் முதல் பஸ்ஸைப் பிடித்து வெறும் வயிற்றோடு அவ்வளவு தூரம் அவரைக் கூட்டிப் போகாமல், முடிந்தால் முந்தின நாளே போய் டவுனில் சொந்தக்காரர் யாராவது வீட்டில் தங்குங்கள். முடிவு வந்ததும் எழுதுங்கள், காத்திருப்பேன்.