கறுப்பு கிரானைட்டில் குழாயடி வெள்ளைப் படலம்

குழாயடியில் கறுப்பு கிரானைட் வெள்ளை பூத்துவிட்டது, எலுமிச்சை தேய்த்தும் போகவில்லை என்று கேட்டிருந்தீர்கள். முதலில் எலுமிச்சை, வினிகர் இரண்டையும் நிறுத்துங்கள். சில கறுப்புக் கற்களில் பாலிஷே மங்கிவிடும்.

நகத்தால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் போர் தண்ணீரின் உப்புதான். ஈரத்துணியை அரை மணி நேரம் போட்டு ஊறவிடுங்கள். அப்புறம் பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விட்டு, புது பிளேடைக் கிட்டத்தட்டப் படுக்கவைத்த மாதிரி பிடித்துச் சுரண்டுங்கள். வெள்ளையாக மாவு போல வரும். கிரானைட்டில் பொதுவாகக் கீறல் விழாது (மார்பிளில் இதைச் செய்துவிடாதீர்கள்).

வழுவழுப்பாக இருந்தும் மங்கலாகத் தெரிந்தால் பாலிஷ் போயிருக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவினால் இரண்டு நாள் பளபளக்கும், பிறகு தூசு ஒட்டும். அதற்குக் கல் பாலிஷ் போடும் ஆளைத்தான் கூப்பிட வேண்டும்.