சிஸ்டம்ஸ் பயாலஜி கூட்டாய்வு: கேள்வி பதில்

கேள்வி: மாடலிங் (செல்லுக்குள் நடக்கும் வினைகளைச் சமன்பாடுகளாக்கிக் கணினியில் ஓட்டுவது) செய்யும் ஆராய்ச்சி மாணவி நான். எங்கள் திட்டத்தில் நான்கு நாட்டு ஆய்வகங்கள். அனுப்புகிற டேட்டாவை வைத்து மாடல் ஓட்டவே முடியவில்லை. தப்பு யார் மேல்?

பதில்: யார் மேலும் இல்லை. சோதனை முடிந்த பிறகுதான் உங்களைக் கூப்பிடுகிறார்கள், அதுதான் சிக்கல். வினைவேகத்தைக் கணிக்க உங்களுக்கு முதல் சில நிமிடங்களின் அளவீடு வேண்டும். அவர்களோ மணிக்கொரு தடவை மாதிரி எடுத்திருப்பார்கள். எந்தெந்த நேரத்தில் எடுப்பது, அளவை ஒரு செல்லுக்கு எழுதுவதா, ஒரு மில்லிகிராம் புரதத்துக்கு எழுதுவதா என்பதையெல்லாம் சோதனைக்கு முன்பே பேசி முடியுங்கள். முடிந்தால் ஒரு வாரம் ஆய்வகத்திலேயே போய் நில்லுங்கள். பிப்பெட்டைத் தொட வேண்டாம், பார்த்தாலே பாதி சந்தேகம் தீரும்.

கேள்வி: ஒரே சேர்மத்துக்குக் குழுவுக்கொரு பெயர். எப்படிச் சமாளிப்பது?

பதில்: பழைய வியாதி. ஈஸ்ட்டின் வளர்சிதை மாற்றத்துக்குப் பல மாடல்கள் இருந்தும், பெயர்கள் பொருந்தாததால் ஒப்பிடுவதே பெரும்பாடாக இருந்தது. 2007இல் மான்செஸ்டரில் பல குழுக்கள் ஒன்றாக உட்கார்ந்து, சேர்மங்களுக்குப் பொதுத் தரவுத்தள அடையாளங்களைக் கொடுத்து, அந்த மாடல்களை ஒரே வலையமைப்பாக்கின. நீங்களும் பெயரோடு செபி (ChEBI, சேர்மங்களின் தரவுத்தளம்), யூனிப்ராட் (UniProt, புரதங்களின் தரவுத்தளம்) எண்களைச் சேர்த்து எழுதுங்கள். அப்புறம், எக்செல்லிடம் ஜாக்கிரதை: மார்ச்1 என்ற மரபணுவைத் தேதியாக்கிவிடும். அந்த மரபணுவின் பெயரையே மாற்ற வேண்டியதாயிற்று!

கேள்வி: மாடலை எந்த வடிவில் பகிர்வது?

பதில்: எஸ்பிஎம்எல் (SBML). எந்த மென்பொருளும் படிக்கும்படி உயிரியல் மாடல்களை எழுதும் பொது வடிவம் அது. மாடல்களைச் சேமித்துப் பகிரும் பயோமாடல்ஸ் தளத்திலும் ஏற்றிவிடுங்கள். 2021இல் வெளியான ஓர் ஆய்வில் 455 மாடல்களைச் சோதித்தார்கள். கட்டுரையில் இருந்த விவரத்தை மட்டும் வைத்து ஏறக்குறைய பாதி மாடல்களில் அதே முடிவைப் பெற முடியவில்லை.

கேள்வி: நான் ஒருங்கிணைப்பாளர். டேட்டாவைக் கேட்டால் எல்லோரும் நழுவுகிறார்கள்.

பதில்: வெளியிடுவதற்குள் வேறு யாராவது முந்திவிடுவார்களோ என்ற பயம். அது நியாயமானதுதான், அதட்டிப் பயனில்லை. நுண்ணுயிர்களை ஆராய்ந்த ஐரோப்பாவின் சிஸ்மோ (SysMO) கூட்டுத் திட்டத்துக்காக உருவான சீக் (SEEK) என்ற டேட்டா பகிர்வுத் தளத்தில், எந்தக் கோப்பை யார் பார்க்கலாம் என்பதைப் பதிவேற்றியவரே தீர்மானிக்கலாம். முதலில் தனக்கு மட்டும், பிறகு குழுவுக்கு, கட்டுரை வந்ததும் எல்லோருக்கும் என்று திறந்துகொண்டே போகலாம். அந்தத் திட்டத்தில் குழுக்களுக்கும் தளத்துக்கும் இடையே தொடர்பாளர்களாக இருந்தவர்கள் பேராசிரியர்கள் அல்ல; ஆராய்ச்சி மாணவர்களும் போஸ்ட்டாக்குகளும் (முனைவர் பட்டத்துக்குப் பின் ஆய்வு செய்பவர்கள்). கோப்பு யார் மடிக்கணினியில் கிடக்கிறது என்பது அவர்களுக்குத்தானே தெரியும்?

கேள்வி: நோயாளிகளின் டேட்டாவை நாடு தாண்டி அனுப்பலாமா?

பதில்: சம்மதப் படிவத்தில் அதற்கு இடமிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், அந்த நாட்டுச் சட்டமும் விட வேண்டும். சிக்கலென்றால் டேட்டா அங்கேயே இருக்கட்டும், மாடலை அனுப்பி அங்கே ஓட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: கட்டுரையில் யார் பெயர் முதலில்?

பதில்: முதல் கூட்டத்திலேயே எழுதி வைத்துவிடுங்கள். முடிவுகள் வந்த பிறகு பேசினால் அடிதடிதான்.