மூன்று வாரம் கழித்து ஆபரேஷன் என்றால் அப்பாவைக் கைவிட்டுவிட்டார்கள் என்றா அர்த்தம்?

இல்லை அம்மா, யாரும் கைவிடவில்லை. பர்மாவின் மௌல்மீனிலிருந்து நீங்கள் எழுதிய மூன்று பக்கத்தில் முழங்கால் வலி, கண்புரை, ஆடுகிற பல் எல்லாம் இருக்கிறது. ஆனால் உங்களைத் தூங்கவிடாமல் செய்வது ஒரே விஷயம்தான். உங்கள் 76 வயது அப்பாவுக்குப் பெருங்குடலின் வலப்பக்கத்தில் புற்றுக்கட்டி. யாங்கோன் சர்ஜனோ, "உடம்பைத் தேற்றிக்கொண்டு மூன்று வாரம் கழித்து வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார். வயதானவர் என்று தட்டிக்கழிக்கிறாரோ, அதற்குள் பரவிவிடுமோ என்று பயம்.

பெருங்குடல் கட்டி பெரும்பாலும் பல வருடமாக வளர்ந்து வருவது. மூன்று வாரத்தில் கதை மாறாது. ஒரு முக்கிய விதிவிலக்கு: வயிறு உப்பி, வாந்தி வந்து, காற்றுகூடப் பிரியவில்லை என்றால் குடல் அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

சர்ஜன் கவலைப்படுவது வயதைப் பற்றியல்ல, உடல் தளர்ச்சியைப் பற்றி. கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் நீங்களே அதை எழுதியிருக்கிறீர்கள்: "ஆறு மாதத்தில் 128 பவுண்டிலிருந்து 115 ஆகிவிட்டார், வயசாகிறது இல்லையா. ஆற்றோரம் காலையில் நடப்பவர் இப்போது பாதியில் உட்கார்ந்துவிடுகிறார்." கடிதம் முழுவதிலும் என்னை நிறுத்தியது இந்த இரண்டு வரிதான். 13 பவுண்ட் என்பது உங்கள் ஊர்ச் சந்தைக் கணக்கில் மூன்றரை வீசைக்கு மேல். அவர் உடம்பில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது, அதில் கணிசமான பங்கு சதையாக இருக்கும். வயசானால் இப்படிக் குறையாது.

வீட்டில் ஒருவருக்கும் கண்ணில் படாததில் ஆச்சரியமில்லை. பேன்ட் போடுகிறவர் என்றால் பெல்ட் ஓட்டை காட்டிக்கொடுத்திருக்கும். லுங்கியில் தெரியாது, இன்னும் கொஞ்சம் இழுத்துச் செருகிக்கொண்டால் முடிந்தது. என்னிடம் வருகிற பெரியவர்களின் லுங்கி முடிச்சு எவ்வளவு தடித்திருக்கிறது என்று நான் பார்ப்பதே அதனால்தான்.

தளர்ச்சிக்கு ஐந்து அடையாளங்களை 2001-ல் அமெரிக்க மருத்துவர்கள் வகுத்தார்கள்: வருடத்தில் 10 பவுண்டுக்கு மேல் தானாக எடை குறைவது, ஓயாத அசதி, கைப்பிடி தளர்வது, நடை மெதுவாவது, நடமாட்டம் சுருங்குவது. மூன்று இருந்தால் தளர்ச்சி. உங்கள் அப்பாவுக்கு இரண்டு நிச்சயம், மூன்றாவதும் இருக்கும் என்று நினைக்கிறேன். இன்று சாயங்காலமே பாருங்கள். சுவரோரம் நாற்காலி போட்டு, கையை மார்போடு கட்டிக்கொண்டு ஐந்து தடவை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள். 15 விநாடிக்கு மேல் ஆனாலோ, கை ஊன்றாமல் எழ முடியாவிட்டாலோ சர்ஜனிடம் சொல்லுங்கள். இந்த நிலையில் கத்தி வைத்தால் ஆபரேஷன் நன்றாகவே முடியலாம். அப்புறம்தான் நிமோனியா, ஆறாத புண், புத்தித் தடுமாற்றம் எல்லாம் வரலாம். வீட்டுக்குத் திரும்பியும் பழையபடி நடக்க முடியாமல் போகிறவர்கள் பெரும்பாலும் இப்படித் தளர்ந்தவர்கள்தான்.

அதனால் இந்த மூன்று வாரமும் வைத்தியம்தான். ஹீமோகுளோபின் 8.6 என்று எழுதியிருக்கிறீர்கள், அது ரத்தசோகை. வலப்பக்கக் கட்டியிலிருந்து கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் கசிந்துகொண்டே இருக்கும், பாதி நடையில் உட்காருவதற்கு அதுவும் ஒரு காரணம். இரும்புச்சத்தை ஊசி வழியாக ஏற்ற முடியுமா என்று கேளுங்கள். மாத்திரையை விட அது சீக்கிரம் பிடிக்கும்.

சாப்பாட்டு விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. இனிப்பு, முட்டை, மீன் எல்லாம் புற்றுக்குத் தீனி என்று யாரோ போனில் அனுப்பிய வீடியோவை நம்பி, சதை கரைந்துகொண்டிருக்கும் மனிதருக்குக் கஞ்சியும் பழச்சாறும் கொடுத்து வந்திருக்கிறீர்கள். பட்டினி போட்டால் முதலில் கரைவது அப்பாதான். சிறுநீரகக் கோளாறு இல்லையென்றால் அவர் எடைக்கு ஒரு நாளைக்கு 65 கிராம் புரதமாவது வேண்டும். ஒரு முட்டையில் இருப்பது 6 கிராம்தான். காலையில் முட்டை போட்ட மொய்ங்கா (மீன் குழம்பு ஊற்றிய அரிசி நூடுல்ஸ்), மத்தியானம் மீன், மாலையில் அவித்த கடலை, ராத்திரி பருப்பு, பால் என்று வேளைக்கு வேளை பிரித்துக் கொடுங்கள். ஒரே தடவையில் திணிக்காதீர்கள். நடை நிற்கக் கூடாது. பத்து நிமிடம் நடந்து, உட்கார்ந்து, மறுபடி பத்து நிமிடம்.

அப்புறம் கடைக்காரர் பொட்டலம் கட்டிக் கொடுத்த அந்தப் "பசி மாத்திரை". இப்படிப்பட்ட மாத்திரைகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். வாரக்கணக்கில் சாப்பிட்டுவிட்டுச் சொல்லாமல் ஆபரேஷனுக்குப் போனால் மேஜையிலேயே ரத்த அழுத்தம் சரியலாம். திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. தூக்க மாத்திரையும் இப்படித்தான். ஆபரேஷனுக்குப் பிறகு புத்தி தடுமாற அது ஒரு முக்கியக் காரணம். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம், புதிதாக எதையும் வாங்கவும் வேண்டாம்.

மற்றதெல்லாம் சின்ன விஷயம். கத்தி பட்டால், காற்றுப் பட்டால் புற்று பரவும் என்பது கட்டுக்கதை. கண்புரை காத்திருக்கும். இரும்பு மாத்திரையில் மலம் கறுப்பாவது சகஜம். ஆடுகிற பல்லை மட்டும் மயக்க மருந்து கொடுப்பவரிடம் காட்டுங்கள், குழாய் விடும்போது கழன்று உள்ளே போய்விடக் கூடாது.

வாரம் ஒருமுறை, ஒரே தராசில், காலையில் எடை பார்த்துத் தேதியோடு எழுதி வையுங்கள். யாங்கோனுக்குக் கிளம்பும்போது அந்தத் தாளையும், வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரைகளையும், அந்தப் பொட்டலத்தோடு சேர்த்து, ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள்.